நாலாம் மாடியில் ஒரு பாய்ப்படகு

என் அண்ணையின் பேச்சில் நான் மலேசியாவில், நாலாம் மாடியில், கடல் தெரியும் ஒரு பிளாட்டில் குடியிருக்கிறேன். லிப்ட் உண்டு. வாசலில் காவலாளி உண்டு. பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில், யாரை விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

உண்மையில் நானும் என் கணவரும் குடியிருப்பது முப்பத்தாறு அடி நீளமான ஒரு பழைய பாய்ப்படகில். நான்கு படி இறங்கினால் சமையலறை, படுக்கை, கக்கூஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். இவர் சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. நோர்வேயில் ஒரு படகுத்துறையில் ஊரார் படகுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்து அடித்து, ஓய்வு பெறுகிற வயதில் தானும் ஒன்றை வாங்கிவிட்டார். இன்றைக்கும் நீந்தத் தெரியாது.

நானோ கடற்கரையில் பிறந்தவள். அப்பா, அப்பாவின் அப்பா எல்லோரும் கடலோடிகள். ஆனால் எங்கள் குடும்பத்தில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. வலை தைக்கலாம், மீனைத் தரம் பிரிக்கலாம், வள்ளத்துக்காகக் கோயிலில் நேர்த்தி வைக்கலாம். ஏறமட்டும் கூடாது. அண்ணையிடம் இரண்டு போட் இருக்கின்றன. அவற்றின் விளிம்பைக்கூட நான் தொட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதரின் சொந்தத் தங்கை போட்டிலேயே சமைத்து, போட்டிலேயே குளித்து, போட்டிலேயே குறட்டை விடுகிறாள் என்றால் அவர்தான் பாவம், என்ன செய்வார்? என்னை நாலாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்.

படகு இப்போது மலேசியாவின் லங்காவித் தீவில் கரையேறி நிற்கிறது. இவர் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பெயின்ட் பூசிக்கொண்டிருக்கிறார். ஏணி வைத்துத்தான் ஏறி இறங்குகிறோம் என்பதால், அண்ணை சொல்வது இந்த மாதத்துக்கு ஓரளவு உண்மைதான். வேலை முடிந்ததும் வாடைக்காற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே, மாலைதீவுப் பக்கம் ஓடப்போகிறோம். இதுவரை தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். நாள்கணக்கில் கரையே தெரியாத ஓட்டம் இதுதான் முதல்தடவை. பயமாக இருக்கிறது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அதனால்தான் புறப்படுமுன் ஊருக்கு வந்தேன். எல்லோர் முகத்தையும் பார்க்கவேண்டும், வயிறாரச் சாப்பிடவேண்டும். இவற்றோடு இன்னோர் ஆசையும் இருந்தது. அண்ணை ஒருமுறை, ஒரேயொரு முறை, என்னைக் கடலுக்குப் போகிறவள் என்று ஒப்புக்கொண்டு வழியனுப்ப வேண்டும்.

முதல்நாள் காலை நான் கண்விழித்தது விளக்குமாற்றுச் சத்தத்தில். அண்ணையின் மனைவி, மச்சாள், முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணை அப்போதுதான் கடலால் வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார் என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டு வழக்கம் அது. கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை முற்றத்தில் விளக்குமாறு படக்கூடாது. அந்தக் காலத்தில் அப்பா ஆட்கள் தூர ஓட்டம் போனால், போய்ச் சேர்ந்தார்கள் என்று செய்தி வரும்வரை முற்றம் அப்படியே கிடக்கும். குப்பை கூடினால் கையால் பொறுக்கலாம், அவ்வளவுதான். எங்கள் முற்றத்தில் இலை கிடந்தால் ஒழுங்கையே தெரிந்துகொள்ளும், இந்த வீட்டு ஆள் கடலில் என்று.

பஸ்ஸிலும் பிளேனிலும் போகிறவர்களுக்கு இந்த மரியாதை கிடையாது. போனதடவை நான் வந்து திரும்பியபோது, ஒழுங்கை திரும்புகிற முடக்கைத் தாண்டுமுன்னே பின்னால் சரக் சரக் என்று கேட்டது. மச்சாளில் பிழை இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் போனால் கூட்டத்தானே வேண்டும். ஆனாலும் அந்தச் சத்தம் லங்காவிவரை என்னோடு வந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு மச்சாள் ஓடக்கரைக் கடைத் தோசை வாங்குவித்திருந்தார். சம்பலைத் தொட்டு முதல் துண்டை வாயில் வைத்ததும், இவரை நினைத்துக் கொஞ்சம் குற்றவுணர்வு வந்தது. இரண்டாம் தோசையில் அது போய்விட்டது. சாப்பாட்டுக்கு நடுவே மெல்லத் தொடங்கினேன்.

"அண்ணை, அடுத்தமாசம் நாங்கள் மாலைதீவுக்கு ஓடப்போறம். வாடை நல்லா நிக்குமெண்டு இவர் சொல்லுறார்."

அண்ணை தேத்தண்ணியை ஆற்றினார். வாசல் படலைக்கு வெளியே பக்கத்து வீட்டு மாஸ்டர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

"உங்கடை லிப்ட் இப்ப வேலை செய்யுதோ?" என்று அண்ணை உரத்த குரலில் என்னைக் கேட்டார்.

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

இரண்டாம் நாள் சண்டிலிப்பாய். இவரின் தம்பி கணேசு அங்கே வெங்காயமும் புகையிலையும் செய்கிறான். கடலுக்கும் அவனுக்கும் இருக்கிற ஒரே உறவு கருவாடு. அதுவும் வெள்ளிக்கிழமைகளில் இல்லை. அதனால் எங்கள் படகைப் பற்றி அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அதை இன்னொரு தோட்டமாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அண்ணி, இரவிலை உங்கை ஆர் காவல்?"

"நானும் உன்ரை அண்ணையும் மாறி மாறி."

"மாடு கீடு வராதுதானே. பிறகென்னத்துக்குக் காவல்?"

கப்பல் வரும் என்றேன். அவன் வெகுநேரம் சிரித்தான்.

குளிக்கச் சொல்லி பம்பைப் போட்டுவிட்டான். குழாயால் கை மொத்தத்துக்குத் தண்ணீர் தொட்டியில் கொட்டி நிரம்பி, வாய்க்காலால் வெங்காயப் பாத்திகளுக்கு ஓடுகிறது. நான் பழக்கதோஷத்தில் ஒரு செம்பு வார்த்து, சோப் போட்டு, இன்னொரு செம்பு வார்த்துவிட்டுத் துவாயைத் தேடினேன். படகில் கடல் தண்ணீரில் குளித்து, கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். அதுகூடக் கல்யாண வீட்டுக் குளிப்பு. கணேசுவின் மனைவி பதறிப்போய் ஓடிவந்தாள்.

"என்னக்கா, தண்ணி குளிருதோ? சுடவைச்சுத் தரட்டோ?"

எங்கள் படகின் தண்ணீர்த் தாங்கிக்குள் எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று கணேசு கேட்டான். சொன்னேன். அவன் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது.

"அது என்ரை வெங்காயத்துக்கு ஒரு நேரத்துக்கும் காணாது அண்ணி. நீங்கள் வடிவா முழுகுங்கோ. போய்ச் சேருமட்டும் காணக்கூடியதாய் முழுகுங்கோ."

முழுகினேன். தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். கண்ணில் வந்தது தண்ணீரா கண்ணீரா என்று அந்தக் கிணற்றடியில் யாருக்கும் தெரிந்திருக்காது. நல்ல தண்ணீரும் நல்ல மனிதரும் ஒரே இடத்தில் கிடைப்பது சின்ன விஷயமில்லை. பிறகு வாழையிலையில் கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல், பொரித்த மோர்மிளகாய். சாப்பிட்டு முடித்து எழும்பக் கை கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

அடுத்த நாள் கோப்பாய்க்குப் போனேன். மலர் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். இன்னும் சைக்கிள்தான், இன்னும் அதே வாய். மதியம் முழுக்கக் கதைத்தோம். யார் யார் எங்கே, யாருக்குச் சீனி வருத்தம், யாருடைய பிள்ளை யாரைக் கட்டியது. நான் புறப்படுகிற நேரம் அவள் அறைக்குள் போய், ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். தூக்கவில்லை, இழுத்தாள்.

"உன்ரை வீட்டுக்கு என்ன குடுக்கிறதெண்டு கனநாள் யோசிச்சனான். நெல்லியடிச் சந்தையிலை உன்ரை அண்ணரைக் கண்டன். பிளாட்டிலை மிக்சி போட்டால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவினமாம் எண்டவர்."

சாக்குக்குள் ஓர் அம்மி. குழவியோடு.

படகில் ஒரு கரண்டி கூடினாலும் இவர் முகம் கோணும். எங்கே வைப்பது, எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு பிரசங்கமே நடக்கும். மலரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கல்லைத் தானே நின்று பார்த்துக் கொத்துவித்தாளாம். "சரியான வடிவான அம்மியடி" என்று சொல்லிவிட்டு, அவளுடைய சைக்கிள் கரியரில் அதைக் கட்டி, இருவருமாகப் பஸ் தரிப்புக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கொண்டக்டர் என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், சாக்கைத் தூக்கிப் பார்த்தார், வைத்துவிட்டார்.

"அக்கா, உதுக்குள்ளை என்ன?"

"அம்மி."

"ஆருக்குக் கலியாணம்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. யாரோ எழும்பி எனக்கும் அம்மிக்கும் இடம் விட்டார்கள். வல்லைவெளி வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. அங்கே, இரண்டு பக்கமும் தண்ணீரும் வெறும் வெளியுமாக இருக்கிற இடத்தில், டமார் என்று டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். ட்ரைவர் சில்லுக்கு அண்டை கொடுக்கக் கல் தேடினார். வல்லைவெளியில் கல்லுக்கு எங்கே போவது? கொண்டக்டர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அம்மி பின்சில்லுக்கு அண்டையாகப் போனது. குழவி முன்சில்லுக்கு. பஸ்ஸில் வந்தவர்கள் சுற்றி நின்று, நல்லகாலம் இந்த அக்கா அம்மி கொண்டந்தவ என்று மாறி மாறிச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

காற்று வடகிழக்கால் வந்து சேலையை அடித்தது. நல்ல பாய்க்காற்று. பக்கத்தில் பனங்கிழங்குக் கட்டோடு நின்ற அம்மா ஒருவர், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்தானே என்று உண்மையைச் சொன்னேன்.

"கடலிலை அம்மா. ஒரு படகிலை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அகதியாப் போனனீங்களோ பிள்ளை? இன்னும் கரையிலை விடேல்லையோ?"

அந்தக் கையை நானும் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை அம்மா. ஆசைக்கு இருக்கிறம்."

"ஆசைக்கோ!" அவர் யோசித்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்தார். "நல்லது. நாங்கள் பயத்திலை ஏறின போட்டிலை நீங்களாவது ஆசைக்கு ஏறுங்கோ." கட்டை அவிழ்த்து நான்கு கிழங்கை உருவி என் கையில் வைத்தார். பணம் கொடுக்கப் பார்த்தேன், கோபித்துக்கொண்டார். அந்தக் கிழங்கைப்போல ருசியான ஒன்றை நான் இந்தப் பயணத்தில் சாப்பிடவில்லை.

கடைசி நாள் மாலை ஒழுங்கையே எங்கள் வீட்டுக்கு வந்தது. வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை. மூன்று வீட்டுத் தூள் மூன்று நிறத்தில் இருந்தது. தன்னுடையதை மற்றதோடு கலக்கவேண்டாம் என்று மூன்று பேரும் தனித்தனியே என் காதில் சொன்னார்கள். மாஸ்டர், பிளாட்டில் குளிர்சாதனம் உண்டா என்று கேட்டார். காற்று நன்றாக வரும் என்றேன். பொய் சொல்லவில்லை.

மச்சாள் கூழ் காய்ச்சியிருந்தார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாக் கூழ். நண்டு, இறால், திருக்கை, பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் உள்ளே. அன்றைக்கு அண்ணை கடலுக்குப் போகவில்லை. எஞ்சினில் ஏதோ வேலை என்றார். எல்லோரும் போனபிறகு பனையோலைப் பிளாவில் ஊற்றிய கூழோடு நாங்கள் மூவரும் முற்றத்தில் வேப்பமரத்தடியில் இருந்தோம். வேம்பு இலை கொட்டத் தொடங்கியிருந்தது. ஒன்றிரண்டு கூழிலும் விழுந்தன.

இனிப் பொறுக்க முடியாது என்று நேராகவே சொன்னேன்.

"அண்ணை, நான் நாளைக்குப் போறது பிளாட்டுக்கு இல்லை. உங்களுக்குத் தெரியும். கரை தெரியாத ஓட்டம் ஓடப்போறன். பயமாய்க் கிடக்கு. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அண்ணை நண்டுக்காலை உறிஞ்சி முடித்தார். எழும்பிப்போய், சுவரோடு கிடந்த அம்மியை ஒரு கையால் நிமிர்த்திப் பார்த்தார். அந்தச் சாக்கை நானும் மலருமாகத்தான் தூக்கியிருந்தோம்.

"இதை ஆர் பிளேனிலை ஏத்திறது? இஞ்சை கிடக்கட்டும். திருகோணமலைப் பக்கம் வந்தியளெண்டால் எடுக்கலாம்."

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எந்த நாலாம் மாடியும் வராது.

"என்னத்திலை வாறதாம் அண்ணை?"

"கூழ் ஆறுது. குடி."

அவ்வளவுதான். மச்சாள் எனக்கு இன்னொரு பிளா ஊற்றினார். கேட்காமலே ஒரு பெரிய நண்டும் போட்டார்.

காலையில் ஆட்டோ வந்தது. மச்சாள் திருநீறு பூசிவிட்டார். அண்ணை பைகளை ஏற்றி, கயிற்றால் கட்டினார். இழுத்துப் பார்த்தார், திருப்தியில்லாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கடல்காரர் கட்டுகிற முடிச்சு. அப்புறம், கொழும்புக்குப் போகிற எவருக்கும் சொல்வதைப்போல, "பாத்துப் போ தங்கச்சி" என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? நான்கு நாளாக இந்த ஊர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறது. எல்லாம் கிடைத்தபிறகு ஒன்று கிடைக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப்போடுவது அழகில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒழுங்கை முடக்கில் பழக்கத்தில் காதைக் கொடுத்தேன். ஆட்டோ இரைந்ததில் எதுவும் கேட்கவில்லை. இந்நேரம் கூட்டி முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாலை லங்காவியில் எங்கள் படகுக்குக் கீழே நீலப் பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் இவர் நின்றார். பைகளின் எடையைப் பார்த்து முகம் கோணியது. தூளை முகர்ந்ததும் நேராகிவிட்டது. நான் ஏணியில் பாதி ஏறி அங்கேயே இருந்துகொண்டு மச்சாளுக்கு எடுத்தேன்.

"சேந்திட்டன் மச்சாள்."

"அப்பாடா! எப்ப எடுப்பியளெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். உங்கடை ஆட்டோ வெளிக்கிட்ட உடனை அண்ணர் விளக்குமாத்தைப் புடுங்கிக் கூரையிலை செருகிப்போட்டார். தொடக்கூடாதாம். முத்தம் முழுக்க வேப்பிலை. கையாலை பொறுக்கி முடியுமோ சொல்லுங்கோ! தானும் குனிஞ்சிருந்து பொறுக்கிறார், நாரி, இடுப்பெல்லாம் நோகுதெண்டு என்னை ஏசுறார்."

நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மச்சாள் தொடர்ந்தார்.

"காலமை மாஸ்டர் படலையடியிலை நிண்டு கேட்டவர். இரண்டு போட்டும் கரையிலை நிக்குது, முத்தம் கூட்டேல்லை, ஆர் உங்கடை வீட்டிலை கடலுக்குப் போனதெண்டு."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"தங்கச்சி எண்டவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை. மாஸ்டரும் வேறை ஒண்டும் கேக்கேல்லை." போனை விலக்கிப் பிடித்து மச்சாள் அங்கே கூப்பிடுவது கேட்டது. "இஞ்சருங்கோ, தங்கச்சி சேந்திட்டாவாம். இனிக் கூட்டட்டோ?"

தூரத்தில் அண்ணையின் குரல், ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"பிளேன்தானே சேந்தது? போட் எங்கை சேந்தது?"

நான் ஏணியில் இருந்து விம்மி விம்மி அழுதேன். கீழே இவர் தூரிகையும் கையுமாக, என்னப்பா, என்னப்பா என்று கேட்டுக்கொண்டே நின்றார். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் இப்போது அது எங்கள் வீட்டு ஆண்களெல்லாம் கொண்டுபோன பயம். அவர்களுக்காகக் கிடந்த அதே முற்றம் எனக்காகவும் கிடக்கிறது.

மச்சாள் திரும்ப வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மச்சாள், கேட்டியள்தானே? உங்கடை அவரைக் கெதியாப் பெயின்டைப் பூசச் சொல்லுங்கோ. வேம்பு இன்னும் பாதியும் கொட்டேல்லை."